தண்டுவடக் காயத்திற்குப் பின் மிகை இயக்கச் சிறுநீர்ப்பை: மருந்து சிகிச்சை
நோயாளிகளும் பராமரிப்பாளர்களும் அறிய வேண்டியவை

அறிமுகம்

தண்டுவடம் காயமடைந்தவர்களில் பெரும்பாலோருக்குக் கை கால்களின் இயக்கத்துடன் சிறுநீர்ப்பையின் செயல்பாடும் பாதிக்கப்படுகிறது. கால்கள் செயலிழந்தது கண்ணுக்குத் தெரிகிறது. சிறுநீர்ப்பையில் நிகழும் மாற்றம் வெளியே தெரிவதில்லை. ஆடை நனைவதும் துர்நாற்றமும் மட்டுமே சிக்கல் எனக் குடும்பத்தினர் கருதுகின்றனர். ஆனால் உரிய சிகிச்சை இல்லாவிடில் இம்மாற்றம் சில ஆண்டுகளில் சிறுநீரகங்களைப் பழுதாக்கக் கூடியது.

சவ்வாது மலையில் நெல்லிவாசல்நாடு, புதூர்நாடு, புங்கம்பட்டுநாடு முதலிய பகுதிகளில் புளி உலுக்கவும் தேன் எடுக்கவும் மரம் ஏறுவது வாழ்வாதாரத்தின் ஒரு பகுதியாகும். மரத்திலிருந்து விழுதலும் மலைப்பாதையில் ஏற்படும் வாகன விபத்துகளும் இத்தகைய பகுதிகளில் தண்டுவடக் காயத்திற்கு முக்கியக் காரணங்களாகும். நகர மருத்துவமனையில் சிகிச்சை முடிந்து மலைக்குத் திரும்பிய பின்னரே சிறுநீர்ப்பைப் பராமரிப்பின் நீண்ட காலம் தொடங்குகிறது. அக்காலத்திற்கு உதவுவதே இப்பக்கத்தின் நோக்கம்.

சிறுநீர்ப்பை எவ்வாறு செயல்படுகிறது?

சிறுநீர்ப்பை தசையாலான ஒரு பை. சிறுநீர் நிறையும்போது அதன் சுவர்த்தசை தளர்ந்து இடம் கொடுக்கிறது. வாயிலில் உள்ள சுருக்குத்தசை இறுகி மூடியிருக்கிறது. கழிக்கும் வேளையில் சுவர்த்தசை சுருங்க, சுருக்குத்தசை தளர்கிறது. இவ்விரண்டையும் ஒருங்கிணைக்கும் கட்டளைகள் மூளையிலிருந்து தண்டுவடம் வழியாகச் செல்கின்றன. சிறுநீர்ப்பைக்கான நரம்பு மையம் தண்டுவடத்தின் கடைசிப் பகுதியில் அமைந்துள்ளது.

காயம் இந்த மையத்திற்கு மேலே ஏற்பட்டால், மையம் கெடாமல் இருந்தும் மூளையின் கட்டுப்பாட்டை இழக்கிறது. விபத்துக்குப் பின் முதல் சில வாரங்களுக்குச் சிறுநீர்ப்பை சுருங்காமல் தளர்ந்து கிடக்கும். அதன்பின் அனிச்சைச் செயல் திரும்புகிறது. சிறிதளவு சிறுநீர் சேர்ந்தாலே சுவர்த்தசை தானாகச் சுருங்கத் தொடங்குகிறது. இதுவே மிகை இயக்கச் சிறுநீர்ப்பை. பலருக்கு அதே வேளையில் சுருக்குத்தசையும் இறுகிவிடுகிறது. மூடிய கதவை நோக்கிச் சிறுநீர் தள்ளப்படுவதால் பையினுள் அழுத்தம் வெகுவாக உயர்கிறது.

காயம் மையத்தையோ அதிலிருந்து வெளிவரும் நரம்புகளையோ நேரடியாகச் சிதைத்தால், சிறுநீர்ப்பை தளர்ந்தே இருக்கும். அவர்களுக்கு இப்பக்கத்தில் கூறப்படும் மருந்துகள் பெரும்பாலும் தேவைப்படுவதில்லை. ஆகவே ஒருவருக்கு அளிக்கப்பட்ட மாத்திரையை மற்றொரு நோயாளிக்குக் கொடுத்தல் கூடாது.

ஏன் சிகிச்சை தேவை?

சிகிச்சையின் நோக்கங்கள் இரண்டு. முதலாவது, சிறுநீர்ப்பையினுள் அழுத்தத்தைக் குறைத்துச் சிறுநீரகங்களைக் காத்தல். இரண்டாவது, கசிவைக் குறைத்து, நோயாளி தயக்கமின்றி வெளியே சென்று பிறருடன் பழக வழிசெய்தல்.

அழுத்தம் நீண்ட காலம் உயர்ந்திருந்தால் சிறுநீர் மேல்நோக்கிச் சிறுநீரகங்களுக்குத் திரும்பலாம். சிறுநீரகங்கள் வீங்கி, கிருமித்தொற்று ஏறி, படிப்படியாகச் செயலிழக்கும். சிறுநீர்ப்பையின் சுவர் தடித்து, கற்கள் தோன்றுவதும் உண்டு. தண்டுவடக் காயமடைந்தோருக்கு வலியுணர்வு குறைந்திருப்பதால் இவை யாவும் ஓசையின்றி நிகழக் கூடும்.

முதலாம் உலகப்போர்க் காலத்தில் தண்டுவடக் காயமடைந்த வீரர்களில் பெரும்பாலோர் சிறுநீர்த்தொற்றாலும் படுக்கைப் புண்ணாலும் உயிரிழந்தனர். 1944இல் இங்கிலாந்தின் ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனையில் லுட்விக் குட்மன் தொடங்கிய தனிச்சிகிச்சைப் பிரிவு இந்நிலையை மாற்றியது. 1972இல் அமெரிக்க மருத்துவர் ஜாக் லேபிடஸ், நோயாளி தாமே சுத்தமான வடிகுழாயை உரிய இடைவெளியில் செலுத்திச் சிறுநீரை வெளியேற்றும் முறையை வெளியிட்டார். இம்முறையுடன் சுவர்த்தசையைத் தளர்த்தும் மருந்துகளும் சேர்ந்ததால், தண்டுவடக் காயமடைந்தோரின் சிறுநீரகங்களைப் பல்லாண்டுகள் காக்க இயலுகிறது.

மருந்து தொடங்கும் முன் செய்ய வேண்டியவை

• சிறுநீர்ப் பரிசோதனையும், தேவைப்படின் கிருமி வளர்ப்புச் சோதனையும்.
• இரத்தத்தில் யூரியா, கிரியாட்டினின் அளவு. தசைகள் மெலிந்தவர்களுக்குச் சிறுநீரகம் பழுதடைந்திருந்தாலும் கிரியாட்டினின் இயல்பாகக் காட்டலாம். எனவே இச்சோதனை மட்டும் போதாது.
• சிறுநீரகம், சிறுநீர்ப்பை ஆகியவற்றின் அல்ட்ராசவுண்ட் ஸ்கேன்.
• யூரோடைனமிக் பரிசோதனை. இதில் மெல்லிய குழாய் வழியாகச் சிறுநீர்ப்பையை நிரப்பி, உள் அழுத்தத்தை அளக்கின்றனர். நிரம்பும்போது அழுத்தம் 40 சென்டிமீட்டர் நீர் அளவைத் தாண்டாதிருப்பது பாதுகாப்பானது எனக் கொள்ளப்படுகிறது.
• மூன்று நாள் சிறுநீர்க் குறிப்பேடு. குடித்த நீரின் அளவு, வெளியேற்றிய சிறுநீரின் அளவு, கசிந்த நேரம் ஆகியவற்றை எழுதி வர வேண்டும். அளவுக் கோடுகள் உள்ள ஒரு பிளாஸ்டிக் குவளை இதற்குப் போதும்.

கண் அழுத்த நோய், உயர் இரத்த அழுத்தம், இதய நோய், கடும் மலச்சிக்கல், கர்ப்பம், பாலூட்டுதல் ஆகியவை இருப்பின் மருத்துவரிடம் முன்னரே தெரிவிக்க வேண்டும். ஏற்கெனவே உட்கொள்ளும் எல்லா மருந்துகளையும், நாட்டு மருந்துகள் உட்பட, கையோடு எடுத்துச் செல்வது நல்லது.

மருந்து வகைகள்

1. சுவர்த்தசையின் சுருக்கத்தை அடக்கும் மாத்திரைகள்

சிறுநீர்ப்பைத் தசையைச் சுருங்கச் செய்யும் நரம்புச் செய்தியை இவை தடுக்கின்றன. பெரும்பாலோருக்கு முதலில் அளிக்கப்படுபவை இவையே.

• ஆக்சிபியூட்டினின்: நெடுங்காலமாகப் பயன்பாட்டில் உள்ளது; விலை குறைவு. பெரியவர்களுக்கு 2.5 அல்லது 5 மி.கி. அளவில் நாளொன்றுக்கு இரண்டு அல்லது மூன்று வேளை அளிப்பது வழக்கம். வாய் வறட்சி இதில் அதிகம்.
• டோல்டெரோடின்: 2 மி.கி. இரு வேளை, அல்லது மெதுவாகக் கரையும் 4 மி.கி. ஒரு வேளை.
• சோலிபெனசின்: 5 அல்லது 10 மி.கி. நாளுக்கு ஒரு வேளை.
• டாரிபெனசின்: 7.5 அல்லது 15 மி.கி. நாளுக்கு ஒரு வேளை.

மேற்கண்டவை பொதுவான அளவுகள். வயது, சிறுநீரகம் மற்றும் கல்லீரலின் நிலை, யூரோடைனமிக் முடிவு ஆகியவற்றுக்கேற்ப மருத்துவர் அளவை மாற்றுவார். மெதுவாகக் கரையும் மாத்திரைகளை உடைக்கவோ பொடிக்கவோ கூடாது. பலனை மதிப்பிட ஏறத்தாழ 4 வாரங்கள் தேவை. ஒரு மருந்து ஒத்துக்கொள்ளாவிடில் இவ்வகையிலேயே மற்றொன்றை முயன்று பார்க்கலாம்.

2. சுவர்த்தசையைத் தளரச் செய்யும் மாத்திரை

மிராபெக்ரான் வேறொரு வழியில் சிறுநீர்ப்பைத் தசையைத் தளர்த்துகிறது. 25 அல்லது 50 மி.கி. நாளுக்கு ஒரு வேளை அளிக்கப்படுகிறது. வாய் வறட்சியும் மலச்சிக்கலும் இதில் குறைவு. முதல் வகையைத் தாங்க இயலாதவர்களுக்கு மாற்றாகவோ, அது மட்டும் போதாதவர்களுக்குக் கூடுதலாகவோ இது தரப்படுகிறது. இரத்த அழுத்தத்தை உயர்த்தக் கூடியதாகையால் தொடங்கும் முன்னும் பின்னரும் அழுத்தத்தை அளக்க வேண்டும். கட்டுப்பாடற்ற கடும் உயர் இரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கு இது தகாது. முழுப் பலன் தெரிய 8 வாரங்கள் வரை ஆகலாம்.

3. சிறுநீர்ப்பையில் செலுத்தப்படும் போட்டுலினம் நச்சு ஊசி

மாத்திரைகள் பலன் தராதபோது, உள்நோக்குக் கருவி வழியாகச் சிறுநீர்ப்பைச் சுவரில் பல இடங்களில் இம்மருந்து செலுத்தப்படுகிறது. நரம்பு பாதிப்பால் வரும் மிகை இயக்கத்திற்கு வழக்கமான அளவு 200 அலகுகள். பலன் பெரும்பாலும் 6 முதல் 9 மாதங்கள் நீடிக்கிறது. பின்னர் மீண்டும் செலுத்த வேண்டும். ஊசிக்குப் பின் சிறுநீர் தானாக வெளியேறாமல் போகக் கூடும். ஆகவே வடிகுழாய் செலுத்தக் கற்றுக்கொண்ட பின்னரே இதற்கு ஒப்புக்கொள்ள வேண்டும். விலை அதிகம் என்பதையும், சிறுநீரகவியல் பிரிவு உள்ள பெரிய மருத்துவமனையில் மட்டுமே செய்யப்படும் என்பதையும் கருத்திற்கொள்ள வேண்டும்.

4. துணை மருந்துகள்

சிறுநீர் வாயிலின் இறுக்கத்தைக் குறைக்க டாம்சுலோசின் போன்ற மருந்துகள் சிலருக்குத் தரப்படுகின்றன. இவற்றால் இரத்த அழுத்தம் குறைந்து, எழுந்து அமரும்போது தலைசுற்றல் வரலாம். கால் தசை இறுக்கத்திற்குத் தரப்படும் பாக்லோபெனை மருத்துவர் கூறாமல் திடீரென நிறுத்தக் கூடாது.

எம்மருந்தும் பலன் தராதபோது, குடலின் ஒரு பகுதியைக் கொண்டு சிறுநீர்ப்பையைப் பெரிதாக்கும் அறுவை சிகிச்சை உண்டு.

மருந்தும் வடிகுழாயும்

மாத்திரைகள் சிறுநீர்ப்பையைத் தளர்த்திச் சிறுநீரைத் தேக்கிவைக்க உதவுகின்றன. தேங்கியதை அவை வெளியேற்றுவதில்லை. எனவே மாத்திரை உண்பவர்களில் பெரும்பாலோர் வடிகுழாய் செலுத்துவதையும் தொடர வேண்டும். மாத்திரையால் கசிவு நின்றதும் நோய் தீர்ந்தது எனக் கருதி வடிகுழாயை நிறுத்துவது ஆபத்தானது. வெளியேறாத சிறுநீர் நிறைந்து, கிருமித்தொற்றுக்கும் சிறுநீரக வீக்கத்திற்கும் வழிவகுக்கும்.

• நாளொன்றுக்கு 4 முதல் 6 முறை, ஏறத்தாழ 4 மணி நேர இடைவெளியில், வடிகுழாய் செலுத்த வேண்டும்.
• ஒவ்வொரு முறையும் வெளியேறும் அளவு 500 மி.லி.க்கு மிகாதிருக்க வேண்டும். மிகுந்தால் இடைவெளியைக் குறைக்க வேண்டும்.
• முன்னும் பின்னும் கைகளைச் சோப்பிட்டுக் கழுவ வேண்டும்.
• வடிகுழாய்கள் ஒருமுறை பயன்பாட்டிற்கானவை. போதிய எண்ணிக்கையில் கிடைக்காவிடில், அவற்றைச் சுத்தம் செய்து பயன்படுத்தும் முறையை மருத்துவக் குழுவிடம் நேரில் கற்றுக்கொள்ள வேண்டும்.
• கைகள் செயல்படுவோர் தாமே செய்வது சிறந்தது. இயலாதவர்களுக்குக் குடும்பத்தில் ஒருவருக்கு மட்டுமன்றி இருவருக்குப் பயிற்சி அளிக்க வேண்டும். ஒருவர் ஊரில் இல்லாத நாளில் பராமரிப்பு தடைபடாது.

நிலையான வடிகுழாய் பொருத்தப்பட்டவர்களுக்கும், தசை இழுப்பால் குழாயைச் சுற்றிக் கசிவு இருப்பின், இம்மருந்துகள் தரப்படுவதுண்டு. ஆனால் கசிவுக்குக் குழாய் அடைப்பும் காரணமாகலாம் என்பதால், அதை முதலில் சோதிக்க வேண்டும்.

பக்கவிளைவுகளும் அவற்றை எதிர்கொள்ளும் முறையும்

வாய் வறட்சி: சிறிது சிறிதாக நீர் பருகலாம். வாய் வறண்டால் பற்கள் விரைவில் சொத்தையாகும்; இருவேளையும் பல் துலக்க வேண்டும். தொடர்ந்து தொல்லை தந்தால் மருந்தை மாற்றக் கேட்கலாம்.

மலச்சிக்கல்: தண்டுவடக் காயத்தில் குடலின் இயக்கம் ஏற்கெனவே மந்தமாக இருக்கும், மாத்திரை அதை மேலும் குறைக்கும். குடலில் மலம் தேங்கினால் சிறுநீர்க் கசிவும் கூடும். சாமை, கேழ்வரகு, கீரை, பழங்கள் ஆகியவற்றை உணவில் சேர்த்து, நாள்தோறும் அல்லது ஒன்றுவிட்டு ஒரு நாள் குறித்த நேரத்தில் மலம் கழிக்கும் பழக்கத்தை ஏற்படுத்த வேண்டும்.

உடல் வெப்பம்: இம்மருந்துகள் வியர்வையைக் குறைக்கின்றன. காயத்திற்குக் கீழ் வியர்க்கும் திறன் ஏற்கெனவே குறைந்திருக்கும். கோடையில் தகரக் கூரையின் கீழ் நண்பகலில் படுத்திருப்பது உடல் வெப்பத்தை ஆபத்தான அளவுக்கு உயர்த்தலாம். நிழலும் காற்றும் உள்ள இடமும் ஈரத்துணியும் தேவை.

மங்கலான பார்வை, தூக்கக் கலக்கம், மறதி: முதியோரிடம் மிகுதி. கண்ணில் கடும் வலியும் சிவப்பும் தோன்றினால் மாத்திரையை நிறுத்தி உடனே மருத்துவரை அணுக வேண்டும்.

பிற மருந்துகளுடன் சேர்தல்: நரம்பு வலிக்குத் தரப்படும் அமிட்ரிப்டிலின், சளிக்கு வாங்கும் சில மாத்திரைகள் ஆகியவை இதே வகைப் பக்கவிளைவுகளைக் கூட்டும். மருந்துக் கடையில் தாமாக எதையும் வாங்கிச் சேர்க்க வேண்டா.

ஒரு வேளை மறந்துவிட்டால் அடுத்த வேளையில் இரட்டிப்பாக உண்ணக் கூடாது.

பொதுவாகக் காணப்படும் தவறுகள்

நீரைக் குறைத்தல்: கசிவுக்கு அஞ்சிப் பலர் நீர் அருந்துவதையே குறைக்கின்றனர். சிறுநீர் அடர்ந்து, தொற்றும் கற்களும் உண்டாகின்றன. மருத்துவர் வேறு கூறாவிடில் நாளுக்கு ஏறத்தாழ 2 லிட்டர், பகலில் சீராகப் பிரித்துப் பருகி, இரவு உறங்கும் முன் மட்டும் குறைத்துக்கொள்ளலாம்.

அடிவயிற்றை அழுத்திச் சிறுநீர் கழித்தல்: சுருக்குத்தசை இறுகியிருக்கும்போது அழுத்தினால் சிறுநீர் சிறுநீரகத்தை நோக்கித் தள்ளப்படும். யூரோடைனமிக் பரிசோதனைக்குப் பின் மருத்துவர் அனுமதித்தாலன்றி இதனைச் செய்யலாகாது.

சிறுநீர் கலங்கினாலே கிருமிக்கொல்லி உண்ணுதல்: வடிகுழாய் பயன்படுத்துவோரின் சிறுநீரில் கிருமிகள் இருப்பது இயல்பு. காய்ச்சல், குளிர் நடுக்கம், புதிதாகக் கூடிய கசிவு அல்லது தசை இழுப்பு, உடல் தளர்ச்சி இருந்தால் மட்டுமே சிகிச்சை தேவை. தேவையின்றி உண்டால், உண்மையான தொற்றின்போது மருந்து பலிக்காது.

மருந்து தீர்ந்ததும் விட்டுவிடுதல்: மலையிலிருந்து இறங்கிச் செல்வது எளிதன்று. மழைக்காலத்தில் பயணம் மேலும் கடினம். கையிருப்பில் இரண்டு வாரத்திற்கு மாத்திரை இருக்கும்போதே அடுத்த மாதத்திற்கு ஏற்பாடு செய்ய வேண்டும்.

உடனடி மருத்துவ உதவி தேவைப்படும் நிலைகள்

நடுமார்பிலோ அதற்கு மேலோ தண்டுவடம் காயமடைந்தவருக்குத் திடீரெனக் கடும் தலைவலி, முகம் சிவத்தல், காயத்திற்கு மேல் வியர்த்துக் கொட்டுதல், மூக்கடைப்பு, இரத்த அழுத்த உயர்வு ஆகியவை தோன்றினால் அது உயிருக்கு ஆபத்தான நிலை. நிறைந்த சிறுநீர்ப்பையோ அடைபட்ட குழாயோ பெரும்பாலும் இதற்குக் காரணம். இவர்களின் வழக்கமான இரத்த அழுத்தம் குறைவாகவே இருக்கும். ஆகவே பிறருக்குச் சற்றே அதிகம் எனத் தோன்றும் அளவும் இவர்களுக்கு ஆபத்தாகலாம்.

• உடனே நிமிர்த்தி உட்கார வைத்து, கால்களைத் தொங்கவிட வேண்டும்.
• இறுக்கமான ஆடை, இடுப்புப் பட்டை ஆகியவற்றைத் தளர்த்த வேண்டும்.
• வடிகுழாய் மடிந்துள்ளதா எனப் பார்க்க வேண்டும். குழாய் இல்லாதவருக்குச் செலுத்திச் சிறுநீரை வெளியேற்ற வேண்டும்.
• 108 ஆம்புலன்ஸை அழைக்க வேண்டும்.

பின்வரும் நிலைகளிலும் தாமதியாமல் மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்: குளிர் நடுக்கத்துடன் காய்ச்சல், சிறுநீரில் இரத்தக் கட்டிகள், வடிகுழாய் உள்ளே செல்லாமை, 6 முதல் 8 மணி நேரமாகச் சிறுநீர் வெளியேறாமை, குழப்பமான பேச்சு.

தொடர் கண்காணிப்பு

கசிவு நின்றுவிட்டது என்பதால் அழுத்தம் குறைந்துவிட்டது எனக் கொள்ள இயலாது. எனவே நலமாக உணரும் காலத்திலும் ஆண்டுக்கு ஒருமுறையேனும் அல்ட்ராசவுண்ட் ஸ்கேனும் இரத்தப் பரிசோதனையும் தேவை. மருந்து மாற்றப்பட்ட பின்னும், அடிக்கடி தொற்று ஏற்படும்போதும் யூரோடைனமிக் பரிசோதனையை மீண்டும் செய்ய மருத்துவர் அறிவுறுத்துவார். மருத்துவமனைக்கு வரும்போது பழைய சீட்டுகளையும் சிறுநீர்க் குறிப்பேட்டையும் கொண்டு வர வேண்டும்.

உதவி பெறும் இடங்கள்

முதலில் அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தை அணுக வேண்டும். இரத்த அழுத்தம், சிறுநீர்ப் பரிசோதனை, காய்ச்சலுக்கான முதல் சிகிச்சை ஆகியவற்றை அங்கே பெறலாம். மேல் சிகிச்சைக்குத் திருப்பத்தூர் அரசு மருத்துவமனைக்கும், வேலூர் அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கும் பரிந்துரைக்கப்படுவர். சென்னை கே.கே. நகரில் அரசு மறுவாழ்வு மருத்துவ நிலையம் உள்ளது.

வேலூர் பாகாயத்தில் கிறித்துவ மருத்துவக் கல்லூரியின் மறுவாழ்வு நிலையம் 1966 முதல் இயங்கி வருகிறது. இதற்கு அடித்தளமிட்டவர் மருத்துவர் மேரி வர்கீஸ். 1954இல் நிகழ்ந்த கார் விபத்தில் அவருடைய தண்டுவடம் காயமடைந்தது. அதன்பின் சக்கர நாற்காலியில் அமர்ந்தவாறே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார். மறுவாழ்வு மருத்துவத்தில் பயிற்சி பெற்றுத் திரும்பி, அத்துறையை வேலூரில் வளர்த்தார். 1972இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். விபத்துக்குப் பின் 32 ஆண்டுகள் வாழ்ந்து 1986இல் மறைந்தார்.

2021 ஆகஸ்டு 5 அன்று தொடங்கப்பட்ட மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் கீழ், இயன்முறைச் சிகிச்சையும் ஆதரவுச் சிகிச்சையும் வீட்டிற்கே வந்து வழங்கப்படுகின்றன. உங்கள் பகுதிச் சுகாதாரப் பணியாளரிடம் நோயாளியின் பெயரைப் பதிவு செய்யலாம். மாற்றுத்திறனாளி அடையாள அட்டை, பராமரிப்பு உதவித்தொகை, சக்கர நாற்காலி ஆகியவற்றுக்கு மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் விண்ணப்பிக்க வேண்டும். மருத்துவ ஐயங்களுக்கு 104 என்ற எண்ணை அழைக்கலாம்.

நினைவில் கொள்ள வேண்டியவை

• கசிவைத் தடுப்பது மட்டுமன்றிச் சிறுநீரகத்தைக் காப்பதே மருந்தின் முதல் நோக்கம்.
• மாத்திரை உண்டாலும் வடிகுழாயை நிறுத்தக் கூடாது.
• நீரைக் குறைக்கக் கூடாது. வயிற்றை அழுத்தக் கூடாது.
• மலச்சிக்கலையும் வெயிலையும் கவனிக்க வேண்டும்.
• ஆண்டுதோறும் ஸ்கேன் செய்துகொள்ள வேண்டும்.
• திடீர்த் தலைவலியும் வியர்வையும் தோன்றினால் உட்கார வைத்து, சிறுநீரை வெளியேற்றி, 108ஐ அழைக்க வேண்டும்.

இப்பக்கத்தில் உள்ள தகவல்கள் பொதுவான அறிதலுக்கு உரியவை. மருந்தைத் தொடங்குவதற்கும் மாற்றுவதற்கும் நிறுத்துவதற்கும் மருத்துவரின் நேரடி ஆலோசனை தேவை.